நான்கு கோல்களும் நான்காம் இடமும்

இராஜபாளையத்தில் சஞ்சீவி மலை கண்ணுக்குத் தெரியும் திடல் ஒன்றில், மாலை வேளைகளில் சிறுவர்கள் கால்பந்து ஆடுவதை அவ்வப்போது நின்று பார்ப்பது நம் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேருந்தேறி வந்து ஆடிவிட்டுப் போகிறவர்களும் அவர்களுள் உண்டு. முதுகில் மெஸ்ஸி என்றும் ரொனால்டோ என்றும் எழுதிய சட்டைகள். நம் நாட்டுக்காக மிகுதியான கோல்கள் அடித்தவர் யார் என்று ஒருநாள் கேட்டோம். சுனில் சேத்ரி என்ற பெயர் பல வாய்களிலிருந்து ஒன்றாக வந்தது. ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த இந்தியக் கால்பந்து வீரர் யார் என்று அடுத்துக் கேட்டோம். அமைதி நிலவியது. "ஹாக்கியா சார்?" என்றான் ஒருவன்.

அந்தச் சிறுவனைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெரியவர்களிடம் கேட்டிருந்தாலும் அதே அமைதிதான் கிடைத்திருக்கும்.

அவர் பெயர் நெவில் டிசூசா. 1932-இல் பிறந்தவர், கோவா வழிவந்த கத்தோலிக்கர், பம்பாயின் ஆட்டத் திடல்களில் பெயர்பெற்ற முன்கள வீரர். 1954-ஆம் ஆண்டுக்கான சந்தோஷ் கோப்பைப் போட்டியின் இறுதியாட்டம் நம் சென்னையில் நடைபெற்றது. பம்பாய் அணி சர்வீசஸ் அணியை 2-1 என வென்று முதன்முறையாக அக்கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியில் நெவிலும் இடம்பெற்றிருந்தார்.

அவருடைய பெருமையை அளந்தறிய, அதற்கு முந்தைய சில ஆண்டுகளை நினைவுகூர வேண்டும். விடுதலை பெற்ற இந்தியா 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடியபோது நம் வீரர்களுட் பலர் வெறுங்காலோடு களம் இறங்கினர். பிரான்சுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்ட்டி வாய்ப்புகளை நாம் வீணாக்கினோம். 2-1 எனத் தோற்றோம். நமது ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். 1952-இல் ஹெல்சிங்கியில் நேர்ந்ததோ பெருந்தோல்வி. குளிரில், பலர் வெறுங்காலோடு ஆட, யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று வீழ்த்தியது. அதன்பிறகுதான் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்பது விதியாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து மெல்போர்ன். பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம்; அணித்தலைவர் சமர் பானர்ஜி. முதற்சுற்றில் நாம் ஹங்கேரியைச் சந்தித்திருக்க வேண்டும். ஆனால் 1956 நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் நுழைந்திருந்தன. ஹங்கேரியின் கால்பந்து அணி வரவில்லை. ஒரு நாட்டின் கண்ணீர் மற்றொரு நாட்டுக்கு வழிதிறந்த கதை இது. ஆடாமலேயே காலிறுதிக்குள் நுழைந்தோம்.

டிசம்பர் 1. எதிரணி, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியா. 9-ஆவது நிமிடத்தில் நெவில் ஒரு கோல் அடித்தார். 17-ஆவது நிமிடத்தில் ஆஸ்திரேலியாவின் மாரோ அதைச் சமன்செய்தார். 33-இல் மீண்டும் நெவில்; 41-இல் மீண்டும் மாரோ. இடைவேளைக்குப் பின், 50-ஆவது நிமிடத்தில் நெவிலின் மூன்றாவது கோல். 80-இல், கிட்டு என்று அன்போடு அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி நான்காவது கோலை அடித்து வெற்றியை உறுதிசெய்தார். 4-2. ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் ஹாட்ரிக் அடித்தது அதுவே முதல்முறை. அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணியும் நம்முடையதே.

ஆஸ்திரேலியா அன்று கால்பந்தில் வலிமைமிக்க நாடன்று. பல நாடுகள் போட்டியிலிருந்து விலகியிருந்தன. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அங்கு இடமில்லை. இவற்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது. இதனாலேயே நமக்கு அந்த ஹாட்ரிக்கைவிட, அடுத்து அவர் அடித்த ஒற்றைக் கோல்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

டிசம்பர் 4 அன்று அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. ஹெல்சிங்கியின் பத்துக் கோல்கள் யார் நினைவிலிருந்து நீங்கியிருக்கும்? எனினும் இடைவேளை வரை அவர்களால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. 52-ஆவது நிமிடத்தில் நெவில் கோல் அடித்தார். இந்தியா 1, யூகோஸ்லாவியா 0. ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் வாயிற்படியில் நம் கால் பட்டிருந்தது.

அந்த முன்னிலை நீடித்தது இரண்டே நிமிடங்கள். 54-இல் பாப்பெச், 57-இல் வெசெலினோவிச், 65-இல் மீண்டும் பாப்பெச் என அடுத்தடுத்து அடித்தனர். 78-ஆவது நிமிடத்தில் நம் வீரர் அப்துல் சலாமின் காலில் பட்ட பந்தே நம் வலைக்குள் சென்றது. 4-1. டிசம்பர் 7 அன்று வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்று நான்காம் இடத்தோடு திரும்பினோம்.

நெவில் அடித்தவை மொத்தம் நான்கு. அப்போட்டியில் வேறு எவரும் அவரை மிஞ்சவில்லை. யூகோஸ்லாவியாவின் வெசெலினோவிச்சும் பல்கேரியாவின் மிலானோவும் மட்டுமே அவருக்கு இணையாக நின்றனர். அவ்விருவருக்கும் நான்காவது கோல் கிடைத்தது எங்கே என்று பார்த்தால், இருவருக்குமே இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில்தான்! இல்லையேல் நெவில் தனித்தே முதலிடத்தில் நின்றிருப்பார்.

இத்தகைய ஒருவர் நம் ஊர்களின் நினைவில் ஏன் தங்கவில்லை? அன்றைய நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது நமக்கு ஓரளவு விடை கிடைத்தது. ஒலிம்பிக் தொடங்கியது நவம்பர் 22 அன்று. மறுநாள் 23 அன்று விடியுமுன், சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். இராஜபாளையத்தாரும் ஸ்ரீவில்லிபுத்தூராரும் சென்னையிலிருந்து திரும்பும்போது விருதுநகர் வரை வரக்கூடிய வண்டி அது. இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தென்மாவட்டங்கள் துயரத்தில் ஆழ்ந்திருந்த வேளையில், ஆஸ்திரேலியாவில் ஒருவர் பந்தை வலைக்குள் அடித்த செய்தியை எவர் எடுத்துப் பேசியிருப்பார்?

அத்துயரம் சற்றுத் தணிவதற்குள் டிசம்பர் 6 வந்தது. அன்று மெல்போர்னில் நம் ஹாக்கி அணி பாகிஸ்தானை 1-0 என வென்று மீண்டும் தங்கம் பெற்றது. அதே நாளில் தில்லியில் டாக்டர் அம்பேத்கர் மறைந்தார். மறுநாள் கால்பந்தில் கிடைத்த நான்காம் இடம், அவ்விரு பெருஞ்செய்திகளுக்கு நடுவே எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் அடங்கியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

மக்கள் மறந்ததற்கு இவ்வளவு காரணங்களைச் சொல்லலாம். ஆனால் நினைவில் வைத்திருக்க வேண்டிய கடமை உடையவர்களும் மறந்தார்களே, அதற்கு என்ன சொல்வது? அர்ஜுனா விருது 1961-இல் ஏற்படுத்தப்பட்டது. மெல்போர்னில் அவரோடு ஆடிய பி. கே. பானர்ஜி அவ்வாண்டிலும், துளசிதாஸ் பலராம் அடுத்த ஆண்டிலும் அதைப் பெற்றனர். இருவரும் முழுத் தகுதி உடையவர்களே. நெவிலின் பெயர் மட்டும் அப்பட்டியலில் இடம்பெறவே இல்லை. அவர் உச்சத்தில் நின்றது விருது பிறப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்பு. 1958-இல் கால்டெக்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றபோதும் அவர் அதில் இருந்தார். 1980 மார்ச் 16 அன்று, 47-ஆம் வயதில் இறந்துபோனார்.

ஜப்பானில் காமாமோட்டோ குனிஷிகே என்ற முன்கள வீரர் 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஏழு கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். அவருடைய அணி வெண்கலம் வென்றது. தம் நாட்டில் அவர் பெற்ற மதிப்பை நினைக்கும்போது, கழுத்தில் தொங்கும் ஒரு சிறு உலோகத் தகட்டின் எடை எவ்வளவு என்று எண்ணத் தோன்றுகிறது. நாமோ 1960-இல் உரோமையில் ஆடியதற்குப் பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை.

இவற்றில் ஒரு பகுதியைத்தான் அன்று திடலில் சிறுவர்களிடம் சொல்ல முடிந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்கள் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஹாக்கியா என்று கேட்டவன் மட்டும் நகரவில்லை.

"நாலாவது வந்தவங்களுக்கு என்ன சார் குடுத்தாங்க?"

பதக்கம் கிடையாது என்றோம்.

"ஆனா அந்த ரெண்டு நிமிசம் நாமதான சார் ஜெயிச்சுக்கிட்டு இருந்தோம்?" என்றான். ஆம் என்றோம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேருந்தை நோக்கி ஓடிய நண்பர்களின் பின்னால் அவனும் ஓடினான்.