சமுதாயக் கல்லூரிகளின் உணவக விடுதிப் பயிற்சியும் அதன் பொருளியல் மதிப்பும்: சாலவாக்கம் வட்டாரத்தை முன்வைத்து

முதற் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அவற்றுள் பொருளியல் நோக்கில் கருதத்தக்க விதி ஒன்றும் உண்டு. வாரியத்திற்குப் பெயர் எழுதப்பெற இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் அரைக்கால் வேலியே போதும். கல்வியை நில அளவால் மதிப்பிட்ட விதி இது. அம்மதிப்பு பிரமதேயச் சபையோர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. அதே உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில், நிலமற்ற குடும்பத்து இளைஞர்க்கு ஓராண்டுத் தொழிற்கல்வி எதற்கு ஈடாகும் என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

ஏரிப்பாசன நெல் வேளாண்மையைச் சார்ந்த இவ்வட்டாரத்தைச் சூழ்ந்து உணவகத் தொழில் வளர்ந்துள்ளது. ஒருபுறம் காஞ்சிபுரத்தின் கோயில்களும் பட்டு வணிகமும். மறுபுறம், 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மாமல்லபுரமும் கடற்கரை விடுதிகளும். வடக்கே ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் கேன்டீன்கள். வேலை உண்டு, அதற்குள் நுழையும் வாயில்களே வேறுபட்டவை. சென்னைத் தரமணியில் இயங்கும் மைய அரசின் உணவக மேலாண்மை நிறுவனம் 1963இல் தோன்றியது. அங்கே பட்டப்படிப்பில் சேரப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், ஆங்கிலமும், அனைத்திந்திய நுழைவுத் தேர்வும் வேண்டும். மற்றொரு வாயில் எடுபிடியாகச் சேர்ந்து, டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர் என உயர்வது. இவ்வழியில் கைத்திறன் குறைவென்பது தவறு. பட்டதாரிச் சமையற்கலைஞர் பலர் சரக்கு மாஸ்டரிடமே கற்க வேண்டியிருக்கும். ஆனால் அத்திறன் வாய்மொழியாகவே கடைக்குக் கடை பயணிக்கிறது. வருகைப் பதிவும் வருங்கால வைப்புநிதிக் கணக்கும் இல்லாதவர்க்கு, 2020இல் பொதுமுடக்கம் உணவகங்களை மூடியபோது, இருபதாண்டு உழைப்பையும் மெய்ப்பிக்க ஆவணம் இல்லை.

இவ்விரு வாயில்களுக்கும் இடையில் வந்ததே சமுதாயக் கல்லூரி. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை உயர்மறை மாவட்டமும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் இவ்வியக்கத்தைத் தமிழகத்தில் பரப்பினார். பள்ளியிலிருந்து இடைநின்றோர்க்கும் இடமளித்தல், வாழ்க்கைத் திறன், தொழில்திறன், நிறுவனக் களப்பயிற்சி என்பன அதன் கூறுகள். அமெரிக்காவில் 1901இல் தோன்றிய ஜோலியட் கல்லூரி பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டாண்டுகளை உள்ளூரிலேயே வழங்க எழுந்தது. இங்கோ வேலைவாய்ப்பே முதல் நோக்கம். இவ்வேறுபாடு பின்னர் இடர்ப்பாடாயிற்று. தொடக்கத்தில் வழங்கப்பெற்ற சான்றிதழுக்குப் பல்கலைக்கழக ஏற்பு இல்லை. 2002இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் அவ்வேற்பை அளித்தது. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தனித் திட்டம் வகுத்தது, அது நீடிக்கவில்லை. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு மற்றொன்றைக் கொணர்ந்தது. திட்டம் மாறுந்தோறும் முந்தைய சான்றிதழின் செலாவணி மதிப்பு ஐயத்திற்குள்ளாயிற்று.

பயிற்சியின் பயனை முதல் மாதச் சம்பளத்தால் அளக்கும் வழக்கம் பிழையுடையது. தொடக்கத்தில் பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் அருகருகே நின்று வெங்காயம் நறுக்கலாம். ஊதிய வேறுபாடு சிறிதாகவே இருக்கலாம். நட்சத்திர விடுதியில் கமி நிலையிலிருந்து மேலேறும்போதும், கப்பல் அல்லது வளைகுடா வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுமே சான்றிதழ் பேசத் தொடங்குகிறது. செலவுக் கணக்கிலும் கட்டணம் ஒரு பகுதியே. படிக்கும் ஓராண்டில் இழக்கும் நாட்கூலி, பேருந்துச் செலவு, கறுப்புக் காலணி, வெள்ளைச் சீருடை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். உதவித்தொகையற்ற களப்பயிற்சியோ விடுதிக்கு மலிவான ஆள்வரவாகவும், குடும்பத்திற்கு மேலும் சில மாதக் கூலி இழப்பாகவும் முடியும். இதனைப் 'பயிற்சி' என்று மட்டும் எழுதிச் செல்வது நேர்மையாகாது.

பெண்கள் நிலையில் இக்கணக்கு மேலும் கடினமாகிறது. உணவு வேளை முடிந்து பாத்திரங்களை ஒழுங்குசெய்து வெளிவர இரவாகிவிடும். கடற்கரை விடுதியிலிருந்து சாலவாக்கம் திரும்பப் பேருந்தோ, தங்குவதற்குப் பணிமகளிர் விடுதியோ இல்லையெனில், சமையற்கூடத்தில் தேர்ந்த பெண்ணும் பகற்பணி தரும் தொழிற்சாலைக் கேன்டீனையே தேர்வாள். அங்கு அவளது சான்றிதழை எவரும் கேட்பதில்லை.