கடற்கரையிலிருந்து கணவாய்க்கு: மலையக நடைவழிகளின் வரலாறு

மலையகத் தமிழரின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் பயிர்களின் வரலாறாகவும், சட்டங்களின் வரலாறாகவும், தொழிற்சங்கங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பி, தேயிலை, குடியுரிமை என்னும் மூன்று சொற்களுக்குள் அதனை அடக்கிவிடுவோரும் உளர். ஆயின், அம்மக்களின் வரலாறு ஒரு நடையிலிருந்தே தொடங்குகின்றது. மன்னார்க் கடற்கரையில் இறங்கி, வன்னிக் காட்டை ஊடறுத்து, மலையேறி வந்த நடை அது. அந்நடை பதித்த வழிகளையும், அவற்றின் இன்றைய நிலையையும், இறம்பொடைக் கணவாயை நடுவாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தலைமன்னார் இன்று இயற்கை விரும்பிகள் நாடிச்செல்லும் இடம். அதன் மேற்கே கடலினுள் நீண்டு கிடக்கும் மணற்றிட்டுகளை உள்ளடக்கிய ஆதாம் பாலப் பகுதி 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மன்னார்த் தீவுக்குச் செல்லும் பெருவீதியை ஒட்டிய வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும் அவ்வுப்புச் சதுப்புகளைக் காண ஒருவர் பேருந்திலேயே போய்வரலாம். பறவைகள் கடல் கடந்து வந்திறங்கும் அக்கரையில்தான் ஒரு காலத்தில் மனிதரும் வந்திறங்கினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் காற்பகுதியில் கண்டிச் சீமையிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகியபோது, தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கங்காணிமாரின் தலைமையிற் புறப்பட்டனர். பாம்பன், தொண்டி முதலிய துறைகளில் தோணியேறி மன்னார்க் கரையை அடைந்தனர். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடை. வறண்ட காடு, நீரற்ற கோடை, காட்டு விலங்குகளின் அச்சம், இவற்றினும் கொடிய வாந்திபேதியும் அம்மையும். நடக்கவியலாது வீழ்ந்தோரை வழியிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது. அரசாங்கம் பின்னர்த் தங்குமடங்களையும் கிணறுகளையும் வைத்தியசாலைகளையும் வழிநெடுக அமைத்ததெனினும், அதற்கு முன் மாண்டோருக்குக் கல்லறையோ பெயர்ப்பட்டியலோ இல்லை.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் காலத்திற்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியோரே அந்நாளிற் பலர். ஆகவே இவ்வழி ஒருமுறை கடந்து மறக்கப்பட்ட வழியன்று. ஆண்டுதோறும் ஏறியும் இறங்கியும் பயின்ற வழி. வறட்சியில் எந்தக் குளம் வற்றும், எந்த மரத்தடியில் இரவு தங்கலாம் என்பன போன்ற அறிவு ஏட்டில் ஏறாது, வாய்மொழியாகவே ஒரு கூட்டத்திலிருந்து மற்றொரு கூட்டத்திற்குக் கையளிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

மாத்தளையை அடைந்தோர் பலருக்கு அது பயணத்தின் முடிவன்று. கண்டி, கம்பளை, புசல்லாவை எனத் தெற்கு நோக்கிச் செல்லும் வழி இறம்பொடையில் செங்குத்தாக எழுகின்றது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவிருந்த எட்வேர்ட் பான்ஸ் நுவரெலியாவை ஐரோப்பியரின் உடல்நலத் தங்குமிடமாக வளர்த்தார்; அதனால் இக்கணவாய் முதன்மை பெற்றது. 1848இல் நுவரெலியாவிற் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் குதிரைவண்டி இக்கணவாய்ப் பாதையிலிருந்து பள்ளத்தில் உருண்டு போயிற்று. 1855இல் வெளிவந்த தமது நூலில் அவர் இதனை நகைச்சுவையோடு விவரித்துள்ளார். வண்டிகள் தோற்ற அவ்வேற்றத்தைச் சுமையோடு ஏறிக் கடந்த மனிதர் நூல் எழுதவில்லை.

இறம்பொடைக்குச் சற்றுக் கீழேயுள்ள தவலந்தென்ன என்னும் ஊர்ப்பெயரும் இவ்விடத்தில் நோக்கற்பாலது. பொதிமாட்டுக் கூட்டத்தைச் சிங்களத்தில் 'தவலம' என்பர். 'தென்ன' என்பது மலைச்சரிவிலுள்ள மேட்டுத்தரை. உப்பையும் அரிசியையும் சுமந்த மாடுகள் இளைப்பாறிய தரை என இப்பெயருக்குப் பொருள்கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின், துரைமாரின் தோட்டங்களுக்கு முன்பே அஃது ஒரு வழித்தங்கலாக இருந்திருக்கின்றது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆதலால் தொழிலாளர் குடும்பத்தோடு தங்கினர். நெடுவழி நடை குறைந்தது. குறுவழி நடை பெருகிற்று. லயத்திலிருந்து பெரட்டுக் களத்திற்கும், அங்கிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்திற்கும், கோயிலுக்கும், கடைக்கும் என ஒவ்வொரு தோட்டமும் நடைவழிகளால் பின்னப்பட்டது. கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கிய பெண்களின் கால்களே அவ்வழிகளை இறுகச் செய்தன.

ஆயினும் அவ்வழிகள் பொதுவழிகளாக இருக்கவில்லை. தோட்டம் தனியார் நிலம்; அயலார் உட்புகுதல் குற்றம். தஞ்சைத் தரணியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் பூண்டே தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவுவதற்கு அவ்வனுபவமும் ஓர் அடிப்படையாயிற்று. ஒரு பாதையில் நடப்பதற்கே மாறுவேடம் தேவைப்பட்ட காலமும் இருந்தது என்பதை இது காட்டுகின்றது.

போக்குவரத்து மாற்றமும் இவ்வரலாற்றின் ஒரு கூறாகும். புகையிரதம் 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவையும் அதனோடிணைந்த இருப்புப்பாதையும் தொடங்கின. பாட்டன் பல நாள் நடந்த தூரத்தைப் பேரன் ஓரிரவிற் கடந்தான். ஆனால் அதே இருப்புப்பாதை மறுதிசையிலும் பயன்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. மலைநாட்டு நிலையங்களில் உறவினர் கதறியழ, பலர் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டனர். நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் புகையிரதத்திற் சென்றனர். விரைவு மிகுந்தது, துயர் குறையவில்லை.

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். அண்மை ஆண்டுகளில் 'பெக்கோ பாதை' என்னும் பெயரில் 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நெடு நடைவழியொன்று மலைநாட்டில் வகுக்கப்பட்டுள்ளது. கண்டிக்கு அண்மித்த ஹந்தானையில் தொடங்கி, 22 கட்டங்களாகச் சென்று நுவரெலியாவில் அது முடிவடைகின்றது. அதன் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகளேயாகும். கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் பேருந்தில் ஏறித் தவலந்தென்னவில் இறங்கும் ஒருவர், பூண்டுலோயா வழியாக நடந்து வட்டகொடையை அடையலாம். இடையிலே கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காணலாம். 1985இல் நிறைவுற்ற அத்தேக்கத்தினடியில் பழைய ஊர்களும் வழிகளும் அமிழ்ந்துள்ளன. வட்டகொடையை அண்மித்த மடகும்புர தோட்டம், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த மண் என்பதையும் நடப்போர் அறிதல் நன்று.

இந்நடைவழி வரவேற்கத்தக்கதே. எனினும், மகிழ்ச்சிக்காக நடப்போரும் வேறுவழியின்றி நடப்போரும் ஒரே பாதையில் எதிர்ப்படுகின்றனர் என்பதை மறத்தலாகாது. பேருந்து எட்டாத லயங்களிலிருந்து இன்றும் மாணவர் பாடசாலைக்கும், நோயாளர் வைத்தியசாலைக்கும் அவ்வழியே நடக்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி தாக்கியபோது, கண்டி–நுவரெலியா வீதி உட்பட மலைநாட்டின் வீதிகளும் இருப்புப்பாதைகளும் மண்சரிவுகளால் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. பேருந்தும் புகையிரதமும் நின்ற நாட்களில் எஞ்சியிருந்தது கால்நடையே.

2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் முழக்கத்தோடு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் நிறைவுற்ற அந்நடை, முன்னோரின் வழியை அவர்தம் வழிவந்தோர் தம் கால்களால் மீண்டும் எழுதிய வரலாறு எனலாம். நிலவுரிமையும் வீட்டுரிமையும் சமத்துவமும் அதன் கோரிக்கைகளாயின.

மாத்தளைக்கு அப்பால் அந்நடை இன்னும் தொடரப்படவில்லை. அதனைத் தொடரும் பணி பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு உரியது. தோட்டப் பாதை ஒவ்வொன்றிற்கும் அம்மக்களிடையே ஒரு பெயர் வழங்குகின்றது. ஒவ்வொரு வளைவிற்கும் ஒரு கதை உண்டு. அவற்றை அறிந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். விடுமுறைக் காலத்தில் ஒரு பேருந்துச் சீட்டும் ஒரு குறிப்பேடும் இருப்பின் இப்பணியைத் தொடங்கலாம். சுற்றுலா வழிகாட்டிப் பலகைகள் தூரத்தையும் உயரத்தையும் கூறும். அப்பாதையை அமைத்தவர் யாவர் என்பதை நாமே எழுதுதல் வேண்டும்.