நடுக்கத்திலிருந்து ஆட்டத்துக்கு: கால்டுவெல் கண்ட கோமரத்தாடி

திருநெல்வேலிச் சீமையின் கொடை விழாக்களைப் பற்றி எழுதப் புகும் எவரும் கிறித்தவ மறைப்பணியாளர் இராபர்ட் கால்டுவெல்லிடம் தொடங்க வேண்டியிருக்கிறது. 1841இல் இடையன்குடிக்கு வந்த அவர், 1849இல் சென்னையில் அச்சான ‘திருநெல்வேலிச் சாணார்’ என்னும் ஆங்கில நூலில் தாம் கண்ட சாமியாட்டத்தை விரிவாக எழுதினார். சாணார் என்று அந்நூல் குறித்த நாடார் சமூகத்தை அது சித்திரித்த முறைக்கு அவர் காலத்திலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வரலாறு பலரும் எழுதியதே. ஆனால் சாமியாட்டத்தை அச்சமும் வெறியும் கூடிய ஒழுங்கற்ற செயலாக அவர் கொண்ட முடிவு அந்த அளவுக்கு மறுக்கப்படவில்லை. உடலின் வழியே மனத்துயரை ஆற்றும் முறைகளின் வரலாற்றில் அக்கருத்து இன்றும் இடையூறாக நிற்கிறது.

அந்நூலின் ஒரு பகுதியை மட்டும் இங்கே நின்று பார்க்க விரும்புகிறேன். குளிர்காய்ச்சலின் முதல் நடுக்கமோ பித்தத் தலைவலியின் கிறுகிறுப்போ கண்டவர், வளர்ப்பாலும் மரபாலும் கற்றபடி, தம்மீது ஏதோ ஏறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார் என்கிறார் கால்டுவெல். தலை இருபுறமும் அசைகிறது; கண் நிலைகுத்துகிறது; உடல் ஒரு நிலையை எடுக்கிறது; ஆட்டம் தொடங்குகிறது. சுற்றி நிற்பவர்கள் பூவுக்கும் பழத்துக்கும், பலியிடச் சேவலுக்கும் கிடாவுக்கும் ஓடுகிறார்கள். நோயைப் பேயென்று பிழைபடக் கொள்ளும் அறியாமைக்குச் சான்றாகவே அவர் இதை எழுதினார்.

இந்த வரிசையை அவருடைய முடிவிலிருந்து பிரித்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. முதலில் வருவது உடலின் நடுக்கம். அதற்குப் பெயர் பின்னால்தான் கிடைக்கிறது. அதன்பின் அசைவு, அதன்பின் ஊரார் செய்யும் மறுவினை. உடல் மாற்றம் முந்துகிறது, உணர்ச்சி அதன் பின்னே வருகிறது என்று வில்லியம் ஜேம்ஸ் வாதிட்டது 1884இல். தசை இறுக்கத்தில் மனக்காயத்தைத் தேடும் சிகிச்சையை வில்ஹெல்ம் ரைக் வகுத்தது 1930களில். இடையன்குடியின் தேரிக்காட்டில் அவர்களுக்கெல்லாம் முன்பே உளச் சிகிச்சை இருந்தது என்று நான் சொல்லவரவில்லை; அப்படிப் பெருமை பேசுவது ஆய்வைக் கெடுக்கும். நடுங்கும் உடலைத் தனியே விட்டுவிடாமல், அதற்கு ஓர் ஆட்டமுறையையும், கேட்டு நிற்க ஒரு கூட்டத்தையும் ஊர் கொடுத்திருந்தது என்பதே என் வாதம். ‘மரபால் கற்றபடி’ என்று கால்டுவெல் குறையாகச் சொன்னதுதான் அம்முறையின் உயிர்நாடி.

ஒழுங்கில்லை என்ற அவருடைய முடிவுக்கு அவர் எழுத்திலேயே மறுப்பு இருக்கிறது. மணிகள் கட்டிய பெரிய வில்லை அவர் விவரிக்கிறார். இசை மெல்லத் தொடங்கி விரைவதையும், ஆடுபவர் அதனோடு சேர்ந்து உக்கிரம் கொள்வதையும் பதிவுசெய்கிறார். பிறகு நோய், தேவை, வெளியூர் போன உறவினரின் நலம் ஆகியவற்றை மக்கள் ஆடுபவரிடம் கேட்டறிகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். எனக்கு அந்த வாக்கியமே முதன்மையானது. கால்நாட்டு, குடியழைப்பு, உச்சிக்கொடை, சாமக்கொடை என்று நேரம் வகுத்து நடக்கும் விழாவில் சாமியாடும் கோமரத்தாடி நினைத்தபோது ஆடுவதில்லை. கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோற்கருவியின் அடி மாறும்போது அருள் மாறுகிறது. குறி சொல்லி, திருநீறு கொடுத்து, சாமி மலையேறுகிறது. ஏற்றவும் இறக்கவும் வழி வகுத்த ஒன்றை வெறும் வெறி என்று எப்படிச் சொல்வது?

அங்கே ஆடி வருபவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அகாலத்தில் செத்தவர்களே பெரும்பாலும் வருகிறார்கள். 1809 திருவிதாங்கூர்ப் போரில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கில அதிகாரிக்குச் சாராயமும் சுருட்டும் படைத்ததைக் கால்டுவெல்லே குறிக்கிறார். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையில், பொம்மக்கா, திம்மக்காவை மணந்த பிராமணன் மாடு கவர்ந்தோரோடு போரிட்டுச் சாகிறான். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்குச் செருப்பு காணிக்கை வருகிறது. வன்மரணக் கதைகளே சாமியாட்டம் உச்சம் கொள்ளும் வேளைக்கு உரியவை என்று வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் காட்டினார். ஊர் அழுது தீர்க்காத சாவு இன்னோர் உடலில் ஏறி ஆடித் தீர்கிறது என்றே நான் இதைக் கொள்கிறேன். ஆட்டம் அச்சத்தை வளர்க்கவில்லை. அதை வெளியே கொண்டுவந்து பேசவைத்தது.

இதனால் நோய் தணிந்ததா? சான்று மெலிந்த இடம் இதுதான். ஆர். இரகுராம் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஆனால் அங்கே ஆட்டமோ பேயோட்டலோ இல்லை. அன்பான சூழலில் தங்கியிருந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே அந்த எண்ணைக் கொடையின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும், துயருற்றவரை ஊர் ஏற்று நிற்பது தன்னளவிலேயே மருந்தாகலாம் என்பதற்கு அது ஒரு சிறு ஆதாரம். ஏற்பு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் காட்டியது: சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். கொடையும் ஏர்வாடியும் ‘நம்பிக்கை மருத்துவம்’ என்ற ஒரே பெயரில் பேசப்படுவது எனக்குப் பெரும் வருத்தம். ஒன்றில் உடல் ஆட விடப்படுகிறது; மற்றதில் கட்டிவைக்கப்பட்டது.

இம்மரபைச் சங்கக் காலத்து வெறியாட்டோடு நேராக இணைப்போர் உண்டு. ஐங்குறுநூற்றின் வெறிப்பத்து அவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அங்கே கபிலரின் தோழி, வெறியாடும் வேலன் தலைவியின் நோயைத் தவறாக உணர்ந்தான் என்றே சொல்கிறாள்; அது காதல் நோய். எதையெல்லாம் சாமி என்று சொல்லலாம் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கிறது. அவ்வளவே அதிலிருந்து பெறக்கூடியது. வேலனுக்கும் கோமரத்தாடிக்கும் இடையிலான நூற்றாண்டுகளை நிரப்பும் கண்ணிகள் போதவில்லை. முத்துப்பட்டனின் காலமே இன்னும் முடிவாகாத நிலையில், தொடர்ச்சி என்று உறுதிசொல்ல நான் துணியமாட்டேன். கால்டுவெல் எதிர்பார்த்தபடி கிறித்தவம் சாமியாட்டத்தை மாற்றிவிடவும் இல்லை. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் ஆடுவோரைப் பிரிஜித் செபாஸ்தியா 2007இல் ஒரு நூலாகவே எழுதினார். அவர்களுக்கும் 1849இன் நடுங்கும் மனிதருக்கும் என்ன உறவு என்பதைக் கோயில்தோறும் தனித்தனியே ஆராய்ந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.