24-ஆல் வகுக்க மறந்த கணக்கு

டிரிப்ஸ் ஏத்தும்போது நர்ஸ் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே ட்யூப்ல இருக்கிற சின்ன சக்கரத்தை உருட்டுவாங்களே, கவனிச்சிருக்கீங்களா? சொட்டு எண்ணுறாங்க. 1000 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழுற செட்டுன்னா நிமிஷத்துக்கு சுமார் 42 சொட்டு. மைக்ரோ செட்டுல மில்லிக்கு 60 சொட்டு. ஒரு மணிக்கும் 60 நிமிஷம். அதனால மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. வகுக்கவே வேண்டாம். இதை யோசிச்சவருக்கு ஒரு சல்யூட்.

பம்ப் வந்ததும் சொட்டு எண்ணுற வேலை போச்சு. கணக்கு போகல.

2006 ஜூலை 31. கனடாவின் எட்மன்டன் நகரத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. 43 வயதுப் பெண் ஒருவருக்கு ஃப்ளோரோயுராசில் என்ற கீமோ மருந்து. வீட்டுக்கே எடுத்துட்டுப் போற சின்ன பம்ப் வழியா 5250 மில்லிகிராம், 4 நாளில் மெதுவா இறங்கணும். ஒரு மில்லியில் 45.57 மில்லிகிராம் மருந்து.

நர்ஸ் கணக்குப் போட்டாங்க. 5250-ஐ 4-ஆல் வகுத்து, அதை 45.57-ஆல் வகுத்தா 28.8. இது ஒரு நாளைக்கான மில்லி. பம்ப் கேட்டதோ ஒரு மணிக்கான மில்லி. இன்னொரு தடவை 24-ஆல் வகுத்திருந்தா 1.2 வந்திருக்கும். அந்தப் படி விட்டுப்போச்சு.

சரின்னு லேபிளைப் பார்த்தா, அங்கேயும் 28.8 இருக்கு! 24 மணி நேர அளவு, ஒரு மணி அளவு, ரெண்டையும் அதில் அச்சடிச்சிருந்தாங்க. கண்ணு தேடின எண் கிடைச்சுடுச்சு. ரெண்டாவது நர்ஸும் சரிபார்த்தாங்க. கைக்கு கால்குலேட்டர் அகப்படல. மனக்கணக்கு, துண்டுக் காகிதம். அவங்களும் 24-ஐ விட்டுட்டாங்க.

4 நாள் மருந்து 4 மணி நேரத்தில் உடம்புக்குள்ள போயிடுச்சு. அப்போ இதுக்கு அங்கீகரிக்கப்பட்ட முறிமருந்து கிடையாது. (யூரிடின் ட்ரைஅசிடேட்டுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததே 2015-ல்தான்.) ஆகஸ்ட் 22 அன்று அவர் இறந்துபோனார்.

எனக்கு அந்த நர்ஸ்கள் மேல கோபம் வரல. யூனிட் இல்லாத வெறும் எண்ணை ஒரு ஃபங்ஷன்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்பி, டெஸ்டும் பாஸாகி, புரொடக்‌ஷன்ல வெடிச்சதை நானே பார்த்திருக்கேன். ஆனா என் பக்கம் உடைஞ்சது ஒரு டாஷ்போர்டு.

ஐ.எஸ்.எம்.பி. கனடா என்ற மருந்துப் பாதுகாப்பு அமைப்பு இதை விசாரிச்சது. 2007-ல் அறிக்கை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளிவந்தது. ரெண்டு நர்ஸ்களோட அது நிக்கல. லேபிள், பம்ப், கணக்குப் போடுற முறைன்னு எல்லாத்தையும் தோண்டிப் பார்த்தது. பம்ப் கேட்காத அந்த 24 மணி நேர எண், லேபிளில் எதுக்கு?