முகாம் வாசலில் சோறு: ரோஹிங்கியா வரலாற்றிலிருந்து நமக்கொரு பாடம்

2024 டிசம்பரில் முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு ஒதுங்கியது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். அவர்களுக்கு முதலில் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தது அந்தக் கரையின் தமிழ் மீனவர்களும் ஊர் மக்களும்தான். பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. அங்கே எங்கட ஆட்களும் உடுப்பு, சாப்பாடு, பால்மா என்று ஓடினார்கள். படகை ஓட்டியவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட 12 பேர் விளக்கமறியலுக்குப் போனார்கள். மிச்சப்பேர் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாளில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகள் அங்கே போனபோது, குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி இல்லையென்று உள்ளே விடப்படவில்லை.

அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். பாண், பிளேன்டீ, பழைய உடுப்பு என்று அந்த ஊர் மக்கள் கையில் கிடைத்ததெல்லாம் தந்தார்கள். அதோடு ஒரு மாஸ்டர் கொப்பியும் பேனையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து பேர் எழுதினார். அந்தக் கொப்பியின் பெறுமதி அப்போது எனக்கு விளங்கவில்லை. ரோஹிங்கியா வரலாற்றை வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது.

அரக்கான் ஒரு காலத்தில் தனி இராச்சியம். மிராவுக்-யு அதன் தலைநகர். 17ஆம் நூற்றாண்டில் அந்த அரசவையில் இருந்துதான் ஆலாவோல் என்ற முஸ்லிம் கவிஞர் வங்க மொழியில் ‘பத்மாவதி’ காவியம் பாடினார். 1784-85இல் பர்மிய மன்னர் அந்த இராச்சியத்தைப் பிடித்தார். அதற்குச் சில வருடங்களுக்குப் பின், 1799இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் எழுதிய கட்டுரையில், அரக்கானில் நெடுங்காலம் குடியிருக்கும் முஸ்லிம்கள் தங்களை ‘ரூயிங்கா’ என்று சொல்லிக்கொள்வதாகப் பதிவு இருக்கிறது. பேர் பழையது. ஆனால் 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், பர்மா ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் அந்தப் பேர் இல்லை. பட்டியலில் பேர் இல்லாதவன் எங்கே போனாலும் ‘சட்டவிரோதமாக வந்தவன்’தான்.

சட்டத்துக்கு முன்பே துரத்தல் தொடங்கிவிட்டது. 1978இல் ‘நாகமின்’ என்ற நடவடிக்கையால் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் நாஃப் ஆற்றைக் கடந்து பங்களாதேஷுக்கு ஓடினார்கள். எல்லையோரத்தில் முகாம்கள் எழுந்தன. உலக நாடுகள் உதவி அனுப்பின. இரு அரசுகளும் ஜூலையில் திருப்பி அனுப்பும் உடன்படிக்கை செய்தன. ஆனால் போக யாரும் முன்வரவில்லை. அந்த மாதங்களில் முகாமில் நடந்ததை, கொக்ஸ் பஸாரில் ஐ.நா. அகதிகள் அலுவலகத்தின் பொறுப்பாளராயிருந்த அலன் லிண்ட்குவிஸ்ட் அடுத்த வருடம் அறிக்கையாக எழுதினார். சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் அகதிகள் திரும்பிப் போகமாட்டார்கள் என்ற எண்ணத்தில் பங்கீடு போதாத அளவில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். பெரும்பாலானோர் குழந்தைகள். அதன் பிறகு, ‘சுயவிருப்பில்’ என்ற பேரில், ஆயிரக்கணக்கில் திரும்பிப் போனார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1991-92இல் 2½ இலட்சம் பேர் மறுபடி ஓடிவந்தார்கள். 2017இல் 7 இலட்சத்துக்கும் மேல். 2023இல் நிதி குறைந்து, கொக்ஸ் பஸாரில் ஓர் ஆளுக்கு மாதம் 12 டொலராக இருந்த உணவுப் பங்கீடு முதலில் 10 ஆகவும் பிறகு 8 ஆகவும் வெட்டப்பட்டது. முகாமில் பசி கூடும்போது கடலுக்குப் போகத் துணிகிறவர்களும் கூடுகிறார்கள்.

வேலிக்குள் சோறு கொடுக்கும் சங்கடம் இலங்கைக்கும் புதிதல்ல. 2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களில் வெளியேற முடியாமல் வைக்கப்பட்டார்கள். கூடாரமும் தண்ணீரும் கொடுத்த உதவி நிறுவனங்களுக்குள்ளே அப்போது பெரிய வாதம் நடந்தது: கொடுக்காவிட்டால் சனம் சாகும், கொடுத்தால் அடைத்து வைப்பதற்கு நாமே செலவு செய்தவர்களாவோம். முள்ளிவாய்க்கால் மக்கள் அந்தப் படகைக் கண்டதும் ஏன் யோசிக்காமல் ஓடினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

நம் நாட்டுக்கு ரோஹிங்கியா மக்கள் வந்ததும் இது முதல் தடவையல்ல. 2013 பெப்ரவரியில் கிழக்குக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து 32 பேரைக் கடற்படை காப்பாற்றியது. கூட வந்தவர்களில் 90க்கும் மேற்பட்டோர் பசி தாகத்தால் இறந்து, கடலில் விடப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். 2017 ஏப்ரலில் வட கடலில் பிடிபட்ட 31 பேரில் பாதிப்பேர் சிறுவர்கள். மிரிஹான தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, பிறகு கல்கிசையில் ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டார்கள். செப்டெம்பர் 26ஆம் திகதி பிக்குகள் தலைமையில் வந்த கூட்டம் அந்த வீட்டைச் சூழ்ந்தது. பாதுகாப்புக்கென்று அவர்களை பூஸா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்து வெளியிலிருந்து வந்தது, அடைக்கப்பட்டது அவர்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். இலங்கை 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. அதனால் ‘அகதி’ என்பவனுக்கு நமது சட்டத்தில் இடமில்லை. விசா இல்லாதவனுக்குத்தான் இடம். மலையகத் தமிழர்மீது ‘கள்ளத்தோணி’ என்ற சொல் வீசப்பட்ட காலம் நமக்கு மறந்திருக்க முடியாது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் உறவுள்ள நம்முடைய முன்னோரில் சிலரும் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள்தான்.

நாங்கள் சோறு கொடுப்பதில் பின்நிற்கிற சமூகமல்ல. ஸகாத் பெறத் தகுதியுள்ளவர்களில் வழிப்போக்கரும் ஒருவர் என்று குர்ஆன் சொல்வதைச் சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்தவர்கள். ஆனால் பார்சலைக் காவலரணில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வேலை முடிந்ததா? 1978 சொல்லும் பாடம் வேறு. சோறு கொடுக்கிற கை, அந்தச் சோற்றைக் குறைக்கவும் முடியும். அதைப் பார்க்க வெளியாள் ஒருவர் முகாமுக்குள் போய்வர வேண்டும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வெளியிலும் இருக்க வேண்டும். அவர்களின் மொழி தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு சட்டத்தரணி, ஒரு டொக்டர் வேண்டும். நமது பள்ளிவாசல் சம்மேளனங்கள் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்கலாம். படம் எடுத்துப் போட முடியாத உதவி இது. அதனாலேயே அது பின்னுக்குப் போகிறது.

போன மாதம் உம்மாவிடம் கேட்டேன்: “கற்பிட்டியில இறங்கின அண்டைக்கு என்ன உம்மா சாப்பிட்டோம்?” அவவுக்கு ஞாபகமில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னா: “ஆனா பேர் எழுத வந்த மாஸ்டர் இரிக்கிறாரே, அவர் உன்ட பேரையும் கேட்டு எழுதினார் வாப்பா. அப்பதான் எனக்கு அழுகையே வந்திச்சி.”