வளைவு வரை அளவீடு: நுண்ணதிர்வு ஆய்வில் மென்பொருள் தரும் விடையின் தகுதி

நிலம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே கடலலைகளும் வளிமண்டல மாற்றங்களும், அதற்கு மேலே வாகனங்களும் இயந்திரங்களும் மனித நடமாட்டமும் அதை அசைக்கின்றன. இந்த நுண்ணதிர்வுகளைக் கருவி அணி ஒன்றால் ஒரே நேரத்தில் பதிந்து, மண்ணடுக்குகளின் குறுக்கலை வேகத்தை ஆழவாரியாகக் கணிப்பது இன்று வழக்கமான பொறியியல் பணியாகிவிட்டது. துளையிட வேண்டியதில்லை, வெடி வைக்க வேண்டியதில்லை; நெரிசல் மிக்க நகரத்தின் நடுவிலும் செய்யலாம். ஜியாப்சி போன்ற கட்டற்ற மென்பொருள் வந்தபின் சிறிய ஆய்வுக் குழுக்களுக்கும் இது எட்டியிருக்கிறது. இது பெரிய நன்மை. ஆனால் மென்பொருள் கடைசியில் வரைந்து காட்டும் வேக வரைபடத்தை ‘அளந்தறிந்த மதிப்பு’ என்று அறிக்கைகளில் எழுதும் பழக்கம் தவறானது. அளவீடு பிரிகை வளைவோடு முடிகிறது. அதற்கப்பால் வருவது அனுமானம்.

நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் ரேலே அலையின் வேகம் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதையே பிரிகை என்கிறோம்; அந்த மாற்றத்தை வரைந்து காட்டுவதே பிரிகை வளைவு. நீண்ட அலை ஆழத்தையும் குறுகிய அலை மேல்மண்ணையும் உணர்வதால், அந்த மாற்றத்தில் நிலத்தடி அமைப்பின் தடயம் இருக்கிறது. 1957-இல் கெய்ட்டி அகி, அலைகள் எத்திசையிலிருந்து வந்தாலும் கருவி இணைகளின் ஒட்டுறவைத் திசைதோறும் சராசரி எடுத்தால், அது பெசல் சார்பின் வடிவில் அமையும் என்று காட்டினார். அந்தச் சார்பிலிருந்து வேகம் கிடைக்கிறது. 1969-இல் கேப்பன், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய அமெரிக்காவின் மொன்டானாவில் அமைந்த பெரிய கருவி அணியின் பதிவுகளைக் கொண்டு, அதிர்வெண்–அலையெண் தளத்தில் கூர்மையாகப் பிரித்தறியும் முறையை வகுத்தார். இன்றைய மென்பொருள்களின் அடிப்படை பெரும்பாலும் இவ்விரண்டுமே. இரண்டுக்கும் எல்லை உண்டு. மண்ணில் அலை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் சென்றால், 2 ஹெர்ட்ஸில் அதன் நீளம் 200 மீட்டர். 50 மீட்டர் அகலமுள்ள அணிக்கு அது எட்டாது. வெவ்வேறு திசைகளிலிருந்து சேர்ந்து வரும் இரண்டு அலைகளைப் பிரித்தறிய முடியாதபோது, அவற்றை ஒன்றாகக் கண்டு உண்மையைவிட அதிக வேகத்தைச் சொல்லும். இருந்தாலும் இந்தப் பிழைகள் கண்ணுக்குத் தெரிபவை. அணியின் வடிவமே எந்த அலையெண் வரை நம்பலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. வளைவை அளவீடு என்று கொள்வதற்கு இதுவே காரணம்.

வளைவிலிருந்து மண்ணடுக்குக்குப் போகும் வழியில் அந்தக் காவல் இல்லை. ஒரே வளைவுக்குப் பொருந்தும் அடுக்கமைப்புகள் பல. எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றிலும் வேகம் எந்த எல்லைக்குள், கடினமான அடுக்கின் கீழே மென்மையான அடுக்குக்கு இடமுண்டா என்பதையெல்லாம் பயனரே முன்கூட்டித் தீர்மானிக்கிறார். ஒரே அதிர்வெண்ணில் அலை வெவ்வேறு வேகமுள்ள பல அலைமுறைகளில் செல்லக்கூடும்; வளைவு அவற்றுள் அடிப்படை அலைமுறையைச் சேர்ந்ததா, உயர் அலைமுறையைச் சேர்ந்ததா என்ற முடிவும் பெரும்பாலும் அவருடையதே. கடினமான அடுக்கு மேலே இருக்கும் இடங்களில் உயர் அலைமுறை மேலோங்கி அந்த முடிவைப் பிழையாக்கும். இன்டர்பசிபிக் என்ற ஒப்பீட்டுத் திட்டம் இதைத் தெளிவாகக் காட்டியது. இத்தாலியின் மிரான்டோலா, பிரான்ஸின் கிரெனோபிள், கடராஷ் ஆகிய மூன்று தளங்களின் பதிவுகளை 14 குழுக்கள் தனித்தனியாக ஆய்ந்தன. பிரிகை வளைவுகள் பெருமளவில் ஒத்துப்போயின. வேக வரைபடங்களோ, குறிப்பாக ஆழத்திலும் அடுக்கு சட்டென மாறும் இடங்களிலும், விலகி நின்றன.

மென்பொருள் ஆயிரக்கணக்கான மாதிரிகளைத் தேடி வரம்பைக் காட்டுகிறதே, நிச்சயமின்மை அதில் அடங்கவில்லையா என்று கேட்கலாம். தேடல் எவ்வளவு விரிவாக இருந்தாலும், பயனர் வகுத்த வெளிக்குள்ளேதான் நடக்கிறது. மூன்று அடுக்கு என்று சொல்லித் தேடினால் நான்காவது அடுக்கு எந்த மாதிரியிலும் தோன்றாது. மாதிரிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது அந்தத் தெரிவு சரி என்பதற்குச் சான்றாகாது. இன்னும் வலுவான மறுப்பு பொறியாளரிடமிருந்து வருகிறது: கட்டட விதிகளுக்கு நிலத்தின் மேல் 30 மீட்டரின் சராசரி வேகம் போதும், அந்த எண்ணில் குழுக்கள் ஒத்துப்போகின்றனவே. உண்மைதான். ஆனால் அது என் வாதத்துக்கே துணை. ஏறத்தாழ 40 மீட்டர் அலைநீளத்தில் வளைவு காட்டும் வேகம் அந்தச் சராசரியை ஒட்டியே வருவதால், அதை வளைவிலிருந்தே நேரடியாக மதிப்பிட முடிகிறது. நிலநடுக்கத்தில் நிலம் எந்த அலைவு நேரத்தில் பெரிதும் அசையும் என்பதற்கோ 30 மீட்டர் போதாது. 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரின் ஏரிப் படுகையில் சுமார் 2 நொடி அலைவு பெருகிக் கட்டடங்களைச் சாய்த்தது. அத்தகைய கணிப்புக்கு வேண்டிய ஆழத்தில்தான் அனுமானத்தின் பங்கு மிகுதி.

ஆகவே இத்துறையில் எழுதுவோரிடமும் இதழாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேக வரைபடத்தை மட்டும் அச்சிடாதீர்கள். கருவிகள் நின்ற இடங்கள், அணியின் அலையெண் எல்லை, அளந்த வளைவு, தேடலுக்கு வைத்த அடுக்கு வரம்புகள், முடிந்தால் மூலப் பதிவும் கட்டுரையோடு வரட்டும். அப்போதுதான் இன்னொருவர் அந்த வளைவிலிருந்து மீண்டும் தொடங்க முடியும்.