வால்வு வானொலி மீட்டெடுப்பு

வால்வு வானொலி மீட்டெடுப்பு என்பது, டிரான்சிஸ்டர் பரவுவதற்கு முன் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு செய்த வானொலிப் பெட்டியைப் பழுது நீக்கி, பழைய தோற்றம் கெடாமல் மறுபடி பாட வைக்கும் வேலை. 1950களிலும் 60களிலும் தமிழக வீடுகளில் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் பெட்டிகள் இருந்தன. அப்போது அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டித்தான் ரேடியோ வைத்துக்கொள்ள முடிந்தது. மத்திய அலையில் சென்னை, திருச்சி நிலையங்களையும் சிற்றலையில் இலங்கை வானொலியையும் அவற்றில் கேட்டார்கள்.

இப்பெட்டிகளில் பெரும்பாலானவை எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில் இயங்குபவை. ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80 என்ற ஐந்து வால்வுகள் வழக்கமான ஒரு வரிசை. முதலெழுத்து ‘ஈ’ என்றால் இழைக்கு 6.3 வோல்ட் தேவை என்று பொருள். கடைசி வால்வு ஏசியை டிசி ஆக்குகிறது. ஈஎல்84 ஸ்பீக்கரை ஓட்டுகிறது.

பரணிலிருந்து இறக்கிய கையோடு பிளக்கைச் சொருகிப் பார்ப்பதுதான் இந்தப் பெட்டிகளுக்கு நேரும் பெரிய கேடு. பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஃபில்டர் கண்டென்சர்கள் உள்ளே உலர்ந்திருக்கும், அல்லது ஷார்ட் ஆகியிருக்கும். ஒரே நிமிடத்தில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம். வால்வு இன்றும் தேடினால் கிடைக்கும். அந்தப் பெட்டிக்கென்று சுற்றிய டிரான்ஸ்பார்மர் கிடைப்பது அரிது.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். வால்வின் கண்ணாடிக்குள் வெள்ளி பூசியதுபோல ஒரு திட்டு இருக்கும். அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு உதவாது. கண்ணாடியின் மேல் அச்சிட்ட எண்ணை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, அழிந்துவிடும். டயல் கண்ணாடியின் பின்புற எழுத்துகளுக்கும் அதே கதிதான்.

பழகாதவர்கள் முதலில் வால்வைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் கெட்டிருப்பவை மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள். அவற்றுள் ஒன்று மிக முக்கியம்: ஈபிசி81இன் ஆனோடுக்கும் ஈஎல்84இன் கிரிட்டுக்கும் நடுவே நிற்கும் கப்ளிங் கண்டென்சர். ஒலி அலையை விட்டு, ஆனோடில் இருக்கும் சுமார் 100 வோல்ட் டிசியைத் தடுப்பது அதன் வேலை. ஈரம் புகுந்து அதன் தடை 10 மெகாஓமுக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். கிரிட்டிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ரெசிஸ்டர் 1 மெகாஓம் என்றால், கிரிட்டில் ஏறத்தாழ 9 வோல்ட் பாசிட்டிவ் ஏறும். ஆனால் 250 வோல்ட்டில் ஓடும் ஈஎல்84க்கு அந்த இடத்தில் வேண்டியது கேதோடைவிட 7 வோல்ட் அளவு நெகட்டிவ். வால்வு அளவுக்கு மீறிக் கொதிக்கும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும். இவ்வளவும் ஒரு சிறிய கண்டென்சரால். மற்ற எதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றாமல் பெட்டியைப் போடக் கூடாது.

ஃபில்டர் கண்டென்சரை மாற்றும்போது பழைய அளவையே ஒட்டிப் போட வேண்டும். இரைச்சல் குறையட்டும் என்று பெரிதாகப் போட்டால் ரெக்டிஃபையர் வால்வு தாங்காது. ஈஇசட்80க்கு உச்ச அளவு 50 மைக்ரோஃபாரட். பழைய அலுமினியக் குப்பியைக் காலி செய்து, புதியதை அதற்குள் மறைத்து வைப்பது நல்ல வழக்கம்.

முதல் மின்சாரம், பெட்டியோடு தொடராக இணைத்த சீரியஸ் பல்பு வழியாகவே போக வேண்டும். 100 வாட் இழை பல்பு வேண்டும்; எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். வோல்டேஜ் மாற்றும் திருகு 220இல் இருந்தால் 240க்கு மாற்ற வேண்டும். ஐஎஃப் (இடை அதிர்வெண்) டிரான்ஸ்பார்மர் திருகுகளைக் காரணமில்லாமல் தொடக் கூடாது. உள்ளிருக்கும் ஃபெரைட் எளிதில் விரிசல் விட்டுவிடும்.

பெட்டியை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் சுழி காட்டிய பிறகே கை வைக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி பெட்டிகளில் மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சேஸிஸில் சேர்ந்திருக்கும். குமிழின் திருகைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அவ்வகைப் பெட்டியைத் தொடாமல், டிரான்ஸ்பார்மர் உள்ள ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது.